ஸ்டீல் கிட்டாருக்கு எந்த ஸ்பீக்கர்? ஒரு வால்பாறைக் கேள்வியும் நூறு வருஷக் கதையும்

மின்சாரத்தில் ஓடிய முதல் கிட்டார் எது என்று கேட்டால், தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கிற ராக் கிட்டார்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அது இல்லைங்க. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, இடது கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிக்கிற ஹவாயன் கிட்டார்தான் முதலில் கரண்டுக்கு மாறியது. ஸ்டீல் கிட்டார் என்பதும் அதுதான். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் என்ற பெட்டியும் ஆரம்பத்தில் இந்த வாத்தியத்துக்காகவே விற்கப்பட்டது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கு. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய அப்பா சர்ச்சில் வருஷக்கணக்காக ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர். பழைய அமெரிக்க ஆம்ப், டிரான்சிஸ்டர் வகை, உள்ளே ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், 4 ஓம். மழைக்காலம் முடிந்து எடுத்து வாசித்தால் கரகரவென்று உரசல். மூணு பேர் மூணு யோசனை சொன்னார்களாம். கோயமுத்தூர் கொண்டுபோய்க் கோன் மாத்திக்கோ என்கிறார் ஒருவர். மைக் செட் காரர்கள் வாங்குகிற 15 அங்குல பாஸ் ஸ்பீக்கரை வாங்கிப் போட்டுட்டா வேலை முடிஞ்சது என்கிறார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்து நியோடிமியம் காந்தம் வைத்த புது ஸ்பீக்கரை வரவழை என்கிறார் மூன்றாமவர். கையில் இருப்பது ஒரு தடவை செலவு செய்வதற்கான காசு. அப்பா சொன்னது ஒரே வரி: "சத்தம் மாறிப்போச்சுன்னா நான் வாசிக்க மாட்டேன்."

பதில் சொல்ல உட்கார்ந்தால் கதை 1930-களுக்குப் போய்விட்டது. அந்தப் பழைய ஸ்பீக்கர் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்று சொல்ல முடியும். அதனால் முதலில் வரலாறு, அப்புறம் கடைக்குப் போவோம்.

சத்தம் போதாத வாத்தியம்

ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பையன் 1880-களின் கடைசியில் கம்பிகள்மேல் இரும்பை வழுக்கி வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. அவருக்கும் முன்னால் கேப்ரியல் டேவியன் என்று ஒருவர் இப்படி வாசித்தார் என்றும் ஒரு கதை உண்டு. அவர் இந்தியாவில் பிறந்தவர், ஒரு கப்பல் தலைவன் அவரை ஹவாய்க்குக் கொண்டுபோனான் என்று சொல்கிறார்கள். அவர் இங்கே எந்த வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கம்பிமேல் கட்டையை வழுக்கி வாசிப்பது நம் ஊருக்குப் புதுசில்லை. வடக்கே விசித்ர வீணை, தெற்கே கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் பாடம் கேட்டது அவரிடம்தான். அடுத்து பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி. இன்று சித்திர வீணை என்ற பெயரில் வழங்குவதும் இதே வாத்தியம்தான்.

இரண்டு வாத்தியங்களுக்கும் பலம் ஒன்று, பலவீனமும் ஒன்று. மெட்டுக்கட்டையில் விரல் அமுக்காததால் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற இடமெல்லாம் கையில் கிடைக்கும், குரல் போல இழுக்கலாம். ஆனால் சத்தம் சின்னது. ஹவாயன் கிட்டாருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. மடியில் படுத்திருப்பதால் ஒலி சபையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் போகும்.

1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் ஹவாய் இசைமேல் பெரிய மோகம் வந்தது. மண்டபங்கள் பெருசாயின, பக்கத்தில் ஊதுகுழல் வாத்தியங்கள் சேர்ந்தன, கிட்டார் காணாமல் போனது. 1927-ல் நேஷனல் என்ற கம்பெனி, கிட்டாருக்குள்ளே மெல்லிய அலுமினியக் கோன்களை வைத்து விற்றது. கரண்ட் இல்லாத ஸ்பீக்கர் என்றே சொல்லலாம். அந்த முயற்சியில் இருந்த ஜார்ஜ் பீச்சம் அதோடு நிற்கவில்லை. காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்ற தத்துவத்தை வைத்து 1931-ல் ஒரு மாதிரி செய்தார். அலுமினியத்தில் வார்த்த அந்த ஸ்டீல் கிட்டாரின் பட்டப்பெயர் 'வாணலி'. வட்டமான உடலும் நீளமான கழுத்துமாக அது பார்க்க அப்படித்தான் இருக்கும். 1932-ல் விற்பனைக்கு வந்தது, 1937 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. லியோ ஃபெண்டர் 1945-ல் ஒரு கூட்டாளியோடு தொழில் தொடங்கியபோதும் முதலில் விற்றது மடி ஸ்டீல் கிட்டாரும் அதற்கேற்ற சின்ன ஆம்ப்பும்தான். பிற்பாடு உலகப்புகழ் பெற்ற அவருடைய மற்ற கிட்டார்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

இந்தியாவுக்கு இந்த வாத்தியம் கல்கத்தா வழியாக வந்தது. ஹவாய் இசைக்கலைஞர் டௌ மோ குடும்பத்தோடு 1940-களில் சில ஆண்டுகள் அங்கே தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். அவர் வழியில் வந்த கார்னி நிஸ் 'அலோஹா பாய்ஸ்' குழுவை நடத்தினார். பம்பாய் சினிமாவில் வான் ஷிப்லியும் ஹசாரா சிங்கும் எலெக்ட்ரிக் ஹவாயன் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். பிரிஜ் பூஷண் காப்ரா அதை ராகத்துக்குத் திருப்பினார். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இன்றும் விற்கிறது. விஸ்வ மோகன் பட்டுக்கு 1994-ல் கிராமி விருது வந்ததும் இந்த வழுக்குக் கிட்டார் பரம்பரையில்தான்.

1931: மூன்று சம்பவம்

பீச்சமுடைய வாணலிக் கிட்டார் உருவான அதே 1931-ல் இன்னும் இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று, ஜப்பானில். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டோகுஷிச்சி மிஷிமா என்பவர் இரும்பு, நிக்கல், அலுமினியம் கலந்தால் மிகப் பலமான நிரந்தரக் காந்தம் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார். இதில் கோபால்ட்டும் சேர்ந்து பின்னால் 'அல்நிக்கோ' என்ற குடும்பம் வளர்ந்தது.

இன்னொன்று, நம்ம பக்கம். 1931 அக்டோபர் 31-ல் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. அதுவரை சினிமாக் கொட்டகைக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் மாதிரி கொட்டகைகளில் ஊமைப்படம்தான் ஓடியது. நாடக மேடையில் குரல்தான் எல்லாம். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் மைக் இல்லாமலேயே கடைசி ஆள் காதுக்குக் கேட்கப் பாடி வளர்ந்த தலைமுறை. பேசும் படம் வந்ததும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வந்தாக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமே, 1932-ல், பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. நீலகிரி மின்சாரம் கோவைச் சமவெளியின் மில்லுக்கும் கிணற்று மோட்டாருக்கும் வந்து சேர, ஒலிபெருக்கியும் பின்னாலேயே வந்தது.

அந்தக் கால ஸ்பீக்கர் எப்படி இருந்தது? இன்றைக்கு இருக்கிற கோன் ஸ்பீக்கரின் அமைப்பை 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வகுத்தார்கள். காகிதக் கோன், அதன் கழுத்தில் ஒரு செம்புச் சுருள், அந்தச் சுருள் ஒரு வட்டமான சந்துக்குள் முன்னும் பின்னும் ஓடும், சந்தைச் சுற்றிக் காந்தம். இந்தக் காந்தம்தான் பிரச்னை. அன்றைக்குப் பலமான நிரந்தரக் காந்தம் கிடையாது. அதனால் ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி சுற்றி, தனியாக மின்சாரம் கொடுத்து, மின்காந்தமாக வைத்தார்கள். கோவைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மோட்டாரில் ஃபீல்டு காயில் எதற்கு இருக்கிறதோ, இதிலும் அதற்குத்தான். அந்தப் பெயரிலேயேதான் 'ஃபீல்டு காயில் ஸ்பீக்கர்' என்றார்கள். மோட்டார் காயில் கட்டுகிற ஊரில் ஸ்பீக்கர் காயிலும் கட்டத் தெரிந்தவர்கள் உருவானதில் ஆச்சரியம் இல்லை. எனாமல் பூசிய அதே செம்புக் கம்பிதான், அளவுதான் வேறு.

இரண்டாம் உலகப்போரை ஒட்டி அல்நிக்கோ காந்தம் மலிவாகவும் பலமாகவும் வந்த பிறகு ஃபீல்டு காயில் ஒழிந்தது. அதுவரை கட்டிப்போட்டிருந்த ஸ்பீக்கர் எடை குறைந்து, எங்கும் தூக்கிப் போகிற சாமானாக மாறியது அப்போதுதான்.

ஸ்டீல்காரர் கேட்பது வேறு

ராக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஸ்பீக்கர் கொஞ்சம் உடைந்து கத்த வேண்டும். கோன் தன் எல்லையைத் தாண்டித் திணறும்போது வரும் கரகரப்பே அவர்களுக்கு இசை. ஸ்டீல் கிட்டாருக்கு அது விஷம். ஏன் என்பதற்கு இரண்டு காரணம்.

முதல் காரணம், ஸ்வரக்கூட்டு. ஸ்டீல் கிட்டாரில் மூணு நாலு கம்பியை ஒன்றாக மீட்டி, அப்படியே இழுத்துப் போவார்கள். ஸ்பீக்கரோ ஆம்ப்போ திணறினால் ஒவ்வொரு ஜோடி ஸ்வரத்திலிருந்தும் கூட்டல், கழித்தல் அதிர்வெண்கள் புதுசாகப் பிறக்கும். இரண்டு ஸ்வரம் மட்டும் என்றால் தாங்கலாம். நாலு ஸ்வரம் என்றால் ஒரே கூழாகிவிடும். ராக் இசையில் பெரும்பாலும் இரண்டே ஸ்வரம் உள்ள கூட்டைப் பிடித்து வாசிப்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது, காலடியில் இருக்கிற வால்யூம் பெடல். மீட்டிய கம்பி தானாக அடங்கிக்கொண்டே போகும். வாசிப்பவர் அதே வேகத்தில் பெடலை அழுத்தி ஒலியை ஏற்றிக்கொண்டே போவார். கேட்பவருக்கு ஸ்வரம் அடங்காமல் நிற்பதுபோல் இருக்கும். இதற்கு ஆம்ப்பில் எப்போதும் மீதம் வேண்டும். அதனால்தான் சின்ன சர்ச்சில் வாசிக்கிறவர்கூட 100, 200 வாட் ஆம்ப் வைத்திருக்கிறார். சத்தமாக வாசிப்பதற்காக அவ்வளவு பெரிசு வாங்குவதில்லை, திணறாமல் வாசிப்பதற்காகத்தான்.

இந்த இரண்டு தேவைக்கும் பதிலாக வந்தது ஜேம்ஸ் லான்சிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்த ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். 1946-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் ஜேபிஎல். 1940-களின் கடைசியில் வந்த அதன் பெயர் டி130. வழக்கமான கிட்டார் ஸ்பீக்கரில் காயிலின் விட்டம் ஒன்றரை, ஒன்றே முக்கால் அங்குலம் இருக்கும். இதில் நாலு அங்குலம். தட்டையான அலுமினிய நாடாவை விளிம்பு நிமிர்ந்து நிற்கச் சுற்றிய காயில், நடுவில் அலுமினிய மூடி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபலுக்கு மேல் சத்தம். லான்சிங் 1949-லேயே போய்விட்டார். அவர் வீட்டுக்கூட இசைக்காகச் செய்ததைப் பின்னால் கிட்டார்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஃபெண்டர் ஆம்ப்புக்கென்றே டி130எஃப் என்று ஒரு வகை வந்தது. ஸ்டீல் கிட்டார் உலகத்தில் இது அளவுகோலாக நின்றுவிட்டது. 1970-களிலிருந்து பீவி கம்பெனி ஸ்டீல்காரர்களுக்காக செஷன் 400, அடுத்து நாஷ்வில் 400 என்று ஆம்ப் போட்டபோதும் 15 அங்குலம், நாலு அங்குலக் காயில் என்ற அதே பாதைதான். பீவியின் 'பிளாக் விடோ' ஸ்பீக்கரில் ஒரு நல்ல புத்தி இருந்தது. பின்னால் இருக்கும் போல்ட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பிரித்து, கோனும் கூடையும் சேர்ந்த பாகத்தை மட்டும் புதுசாக மாட்டிக்கொள்ளலாம். ரிப்பேர் கடை பக்கத்தில் இல்லாதவர்களை நினைத்துச் செய்த வேலை.

சர்ச்சில் ஸ்டீல் கிட்டார் என்றால் சிலருக்கு விநோதமாகப் படலாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் 'ஹவுஸ் ஆஃப் காட்' சபைகளில் 1930-களிலிருந்தே ஆராதனையில் ஸ்டீல் கிட்டார்தான் முன்னணி வாத்தியம். வில்லி ஈசன் அதில் பெரிய பெயர். பாடுகிறவர் குரல் நிற்கும் இடத்தில் கிட்டார் அதே வார்த்தையைப் 'பேசும்'. நம் வாசகரின் அப்பா செய்வதும் அதுவாகத்தான் இருக்கும்.

காந்தத்துக்குள் ஓர் ஆப்பிரிக்கப் போர்

"ஒரிஜினல் சத்தம்" என்று நாம் பிடிவாதமாக இருக்கிறோமே, அந்த ஒரிஜினலே எப்படி உருவாச்சு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

அல்நிக்கோவுக்குக் கோபால்ட் வேண்டும். உலகக் கோபால்ட்டின் பெரும்பங்கு அன்றைய ஜைர், இன்றைய காங்கோ நாட்டின் தெற்குப் பகுதியிலிருந்து வந்தது. 1978 மே மாதம் அங்கே கொல்வேசி என்ற சுரங்க நகரத்தைக் கிளர்ச்சிப்படை பிடித்தது. சுரங்க வேலை குலைந்தது, கோபால்ட் விலை பல மடங்கு ஏறியது. ஸ்பீக்கர் கம்பெனிகளுக்கு வேறு வழியில்லை. ஃபெரைட் என்கிற பீங்கான் காந்தத்துக்கு மாறினார்கள். அது 1950-களின் ஆரம்பத்திலேயே நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது. இரும்பு ஆக்ஸைடும் பேரியமும் போதும். விலை மலிவு, துரு பிடிக்காது, ஆனால் கனம். ஜேபிஎல்லின் கே130 என்ற அல்நிக்கோ ஸ்பீக்கர் போய், 1980 வாக்கில் இ130 என்ற ஃபெரைட் ஸ்பீக்கர் வந்தது. அந்த மாற்றத்தைக் காதுக்காக யாரும் செய்யவில்லை, கோபால்ட் கிடைக்காததால் செய்தார்கள். அப்போதும் "பழைய சத்தம் போச்சு" என்று புலம்பியவர்கள் உண்டு. இன்று அந்த இ130-ஐயே பழைய பொக்கிஷம் என்று தேடி வாங்குகிறார்கள்.

1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தது. ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள். ஃபெரைட்டில் செய்த 15 அங்குல ஸ்பீக்கரின் எடையில் பாதிகூட நியோடிமியத்தில் வராது. வயசான கலைஞர்களுக்கு அது வரம். ஆனால் இதற்கும் ஒரு கொல்வேசி இருக்கு. அரிய மண் தாதுக்களில் பெரும்பங்கு சீனாவின் கையில். 2010, 2011-ல் ஏற்றுமதி இறுகி விலை எகிறியபோது பல ஸ்பீக்கர் கம்பெனிகள் மறுபடி ஃபெரைட் பக்கம் திரும்பிப் பார்த்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். காந்தத்தின் பெயரை வைத்துச் சத்தத்தைத் தீர்மானிக்க முடியாது. சந்தில் எவ்வளவு காந்தப்புலம் இருக்கிறது, கோன் எவ்வளவு கனம், காயில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்பதில்தான் சத்தம் இருக்கிறது. 'அல்நிக்கோ என்றாலே இனிமை' என்று கூடுதல் காசு கேட்டால் ஒரு தடவை யோசியுங்க.

மழை என்ன செய்தது?

வால்பாறை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாத ஊரில் காகிதக் கோன் மட்டும் காயுமா?

ஈரம் ஸ்பீக்கரை மூணு இடத்தில் தாக்கும். காகிதம் ஈரத்தைக் குடித்துக் கனமாகும், தளரும். சத்தம் மந்தமாகும். இரண்டாவது, காயிலையும் கோனையும் நடுவில் பிடித்துவைக்கும் மடிப்புத் துணியின் பசை விட்டுப்போகும். காயில் ஒரு பக்கம் சாயும். மூன்றாவது, காந்தத்தின் நடுவில் இருக்கும் இரும்புக் கட்டை துருப்பிடிக்கும். காயிலுக்கும் இரும்புக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டரிலும் ஒரு பங்குதான். துருத்துகள் ஒன்று விழுந்தால் போதும், உரசும். தினமும் வாசித்தால் காயில் சூட்டில் ஈரம் கொஞ்சம் போகும். மழைக்காலம் முழுக்க மூடி வைப்பதுதான் கெடுதல்.

சோதிப்பது சுலபம். ஆம்ப்பை அணைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் கோனின் இரண்டு பக்கமும் வைத்து, சமமாக மெதுவாக உள்ளே அழுத்துங்க. காதைப் பக்கத்தில் வைத்தால் உரசல் கேட்கும். ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்க. 4 ஓம் ஸ்பீக்கர் சுமார் 3.2 காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. நம் வாசகருடையதில் அளவு சரியாக வருகிறது, உரசல் மட்டும் இருக்கிறது. அப்படியென்றால் கோனும் மடிப்புத் துணியும் போயிருக்கலாம், அல்லது சந்தில் துரு. காந்தம் உயிரோடு இருக்கிறது.

கடைக்குப் போகும் முன்

மூணு எண் தெரிந்தால் போதும்.

முதல் எண் ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் எழுதியிருப்பதைவிடக் குறைந்த ஓம் போடவே கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறி வெடிக்கும். கூடுதல் ஓம் போட்டால் ஆபத்து இல்லை, பவர்தான் குறையும். 4 ஓமில் 200 வாட் தருகிற ஆம்ப், 8 ஓமில் ஏறக்குறைய 100 முதல் 120 வாட் தரும். வால்வு ஆம்ப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏற்ற ஓம் வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவும் கூடாது.

இரண்டாவது எண் சென்சிட்டிவிட்டி. 3 டெசிபல் கூடினால் ஆம்ப் பவரை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். இங்கேதான் ஒரு வழி திறக்குது. நம் சந்தையில் 15 அங்குலத்தில் 4 ஓம் கிடைப்பது அரிது, 8 ஓம்தான் அதிகம். பழையதைவிட 3 டெசிபல் கூடுதலான 8 ஓம் ஸ்பீக்கர் கிடைத்தால், போன பவர் திரும்பி வந்துவிடும். 94, 95 டெசிபல் பாஸ் ஸ்பீக்கரை மாட்டினால் பவரும் போய், சத்தமும் போய், அப்பா பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது எண் அதிர்வெண் எல்லை. ஆறு கம்பி ஸ்டீல் கிட்டாரை வழக்கமான சி6 சுருதியில் வைத்தால் கீழ்க்கம்பி சுமார் 130 ஹெர்ட்ஸ். மேல்க்கம்பி இரண்டு ஸ்தாயி ஏறினாலும் 1,300 பக்கம்தான். அதன் உபசுரங்கள் 4,000, 5,000 வரை போகும். அந்த உபசுரத்தில்தான் கண்ணீர் மாதிரி வழுக்குகிற பளபளப்பு இருக்கிறது. 40 ஹெர்ட்ஸில் நெஞ்சை அதிரவைத்து 2,000-க்கு மேல் ஊமையாகிற ஸ்பீக்கர் திருவிழா மேடைக்குச் சரி, இதற்கு உதவாது. பெட்டியின் முதுகு திறந்திருந்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கு. மூடிய பெட்டிக்காகச் செய்த தளர்வான பாஸ் கோன், திறந்த பெட்டியில் அளவுக்கு மீறி ஆடி அடிபடும்.

வாட் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் போட்டிருக்கும் பிஎம்பிஓ கணக்கைப் பார்க்காதீங்க. ஆர்எம்எஸ் வாட் மட்டும் பாருங்க. ஆம்ப்பின் வாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

என் யோசனை

காந்தம் நன்றாக இருப்பதால் முதல் வழி, பழைய ஸ்பீக்கருக்கே கோன் மாத்துவது. செலவும் குறைவு, பழைய சத்தத்துக்கும் பக்கத்தில் வரும். ஆனால் "கோன் மாத்திக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது. அப்படிச் சொன்னால் மைக் செட் பாஸ் கோன்தான் வரும். நாலு விஷயம் சொல்லுங்க. சந்தில் இருக்கும் துருவைச் சுத்தமாக எடுத்த பிறகே காயில் இறக்கணும். காயில் 4 ஓமுக்கே கட்டணும், பழைய காயிலின் விட்டமும் உயரமும் மாறக்கூடாது. கோன் மெல்லிசாக, விளிம்பு காகிதமாகவோ பசை தடவிய துணியாகவோ இருக்கணும், ஸ்பாஞ்ச் விளிம்பு வேண்டாம், வால்பாறை ஈரத்தில் அது சீக்கிரம் உதிரும். நடு மூடி பழையதில் அலுமினியம் என்றால் அலுமினியமே போடணும். காகித மூடி போட்டால் மேல் ஒலி மங்கிப்போகும். பழைய கோனையும் மூடியையும் தூக்கி எறியாமல் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. அளவு பார்க்க அடுத்த தடவைக்கு உதவும்.

துரு தாண்டமுடியாத அளவுக்கு இருந்தால் இரண்டாவது வழி. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் பி.ஏ. ஸ்பீக்கர்களிலேயே 98 டெசிபலுக்கு மேல், 4,000 ஹெர்ட்ஸாவது எட்டுகிற, கெட்டியான காகித விளிம்புள்ள 8 ஓம் ஸ்பீக்கரைத் தேடலாம். அதன் தகவல் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்க. தாள் இல்லாத ஸ்பீக்கர் வேண்டாம்.

வெளிநாட்டு வழி மூன்றாவது. எமினென்ஸ் போன்ற கம்பெனிகள் ஸ்டீல் கிட்டாருக்கென்றே 15 அங்குல ஸ்பீக்கர் இன்றும் போடுகின்றன. காசு இருந்தால் அதுதான் குறுக்குவழி. நியோடிமியத்தை மட்டும் இந்த ஊருக்கு நான் முதலில் சொல்லமாட்டேன். மேல்பூச்சு எங்காவது கீறிவிட்டால் ஈரத்தில் அந்தக் காந்தம் அரித்துப் பொடியாகும். ஃபெரைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆம்ப்பைத் தூக்குவதே அப்பாவுக்குச் சிரமம் என்றால் கணக்கு மாறும். எடை தாங்காமல் வாசிப்பை நிறுத்துவதைவிட, சில வருஷத்துக்கு ஒருமுறை காந்தத்தைக் கவனித்துக்கொள்வது மேல்.

கடைசியாக அப்பாவின் நிபந்தனை. சத்தம் மாறியதா என்று தீர்மானிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்க. புது விளிம்பு இறுக்கமாக இருக்கும், தளர சில மணி நேர வாசிப்பு வேண்டும். அதற்கு முன்னால் தீர்ப்பு வேண்டாம். அப்புறம், ஒப்பிடும்போது சத்தத்தின் அளவைப் பழைய அளவுக்கே வைத்துக் கேளுங்க. கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதைக் காது தானாகவே 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடும், குறைந்தால் 'மாறிப்போச்சு' என்று சொல்லும். வாசிப்பவரே கேட்டுத் தீர்மானிப்பதைவிட, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே சபையில் பழக்கப்பட்ட ஒருவரை உட்காரவைத்துக் கேட்பது நல்லது. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு மேல் ஒலி முழுசாகப் போய்ச் சேராது.

மழை தொடங்கினால் வாரம் ஒருநாள் அரை மணி நேரமாவது வாசிக்கச் சொல்லுங்க. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையும் இருக்கட்டும். ஆனால் அந்த அரை மணி நேர வாசிப்புக்கு எந்தப் பையும் ஈடாகாது.